அறையில் வாழ்வோரின் அழகுப் பேணல்: ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதியில் குறைந்த செலவில் தலைமுடியும் சருமமும்

1. பொருளும் எல்லையும்

"வீட்டிலேயே செய்யலாம்" என்று தொடங்கும் அழகுக் குறிப்புகள் எல்லாமே, படிப்பவருக்கு ஒரு வீடு இருக்கிறது என்று நம்பித்தான் எழுதப்படுகின்றன. வெந்தயம் அரைக்க மிக்ஸி வேண்டும். எண்ணெய் காய்ச்ச அடுப்பு வேண்டும். தலையில் பூசியதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க, யாரும் கதவைத் தட்டாத குளியலறை வேண்டும். ஓசூரிலும் அதைச் சுற்றியும் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் மிகப் பலருக்கு இவை இல்லை. அவர்களுக்கு இருப்பது ஒரு கட்டில், ஒரு பூட்டுப் பெட்டி, கொடியில் ஓரிடம், பலரோடு பகிர்ந்துகொள்ளும் ஒரு குழாய்.

இவர்களை நடுவில் வைத்து, குறைந்த செலவில் முடியையும் சருமத்தையும் பேணுவது எப்படி என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மலிவு என்றால் காசு மட்டும் என்று இங்கே கொள்ளவில்லை. எத்தனை வாளித் தண்ணீர், எத்தனை மணி நேரம், எவ்வளவு இடம் என்ற கணக்கையும் காசோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பத்து ரூபாய்ப் பொடி மூன்று வாளித் தண்ணீர் கேட்டால், அறையில் வாழ்பவருக்கு அது மலிவன்று.

2. களம்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதன் மேற்கு முனையில் கர்நாடக எல்லையை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. 1970களில் சிப்காட் வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. அன்று ஓசூர்த் தொழிலாளி என்றால் மனக்கண்ணில் தெரிந்தவர் பெரும்பாலும் ஆண்.

அந்தச் சித்திரம் மாறிவிட்டது. போச்சம்பள்ளி அருகே ஓலா மின் ஸ்கூட்டர் ஆலை முழு அளவில் இயங்கும்போது 10,000 பெண்கள் வேலை செய்வார்கள் என்று 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை தேன்கனிக்கோட்டைப் பக்கம் வந்தது. ஓசூர் ஐபோன் ஆலையின் வேலைக்காக ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த 6,000 பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி தரப்பட்டிருப்பதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் ஒருவர் சொன்னார். தருமபுரி, திருவண்ணாமலை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு வருபவர்களும் உண்டு. ஏற்கெனவே தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஊர் இது. இப்போது இந்தியும் ராஞ்சிப் பக்கத்துச் சாத்ரி மொழியும் சேர்ந்துகொண்டன. இங்கே ஒரே மாடிப்படியில் சீயக்காய், சீகேகாயி, சீகாயா மூன்றும் காதில் விழும். கூடவே கடுகெண்ணெய் வாசமும் வரும்.

இந்தக் களத்தில் காலத்தை வகுப்பது ஷிப்ட். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் எண்ணெய்க் குளியல் என்ற பழைய வாரக்கணக்கு இங்கே நிற்பதில்லை. ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட், மறுவாரம் நைட் என்றால், தலைக்குக் குளிக்கும் நாளைக் கம்பெனி பஸ் வரும் நேரமே முடிவு செய்கிறது.

3. நீர்

அறைகளில் அதிகம் கேட்கும் புகார் "இங்க தண்ணி ஒத்துக்கல, முடி கொட்டுது" என்பது. இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பணம் வீணாகும் முதல் வாசல் இதுதான்.

இந்த வட்டாரத்தில் ஆழ்குழாய் நீர் பல இடங்களில் கடினமானது. சுண்ணாம்பும் மக்னீசியமும் அதில் கூடுதல். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500) மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடும் மிகுதி. ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவே காரணம். ஆனால் ஃப்ளோரைடு கெடுப்பது பல்லையும் எலும்பையும். முடி உதிர்வுப் பழியை அதன் மேல் போடச் சான்று இல்லை.

கடின நீரால் முடிக்கு என்ன ஆகிறது? கோவை பிஎஸ்ஜி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கடின நீரிலும் வாலை வடித்த நீரிலும் தனித்தனியே, ஒரு மாதம் ஒன்றுவிட்டு ஒருநாள் ஊறவைத்த முடிகளின் இழுவலிமையிலும் நெகிழ்விலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டார்கள். வேறு சில ஆய்வுகள் வலிமை குறைவதாகச் சொல்கின்றன. எப்படிப் பார்த்தாலும் இவையெல்லாம் முடித்தண்டைப் பற்றியவை. வேரைப் பற்றியவை அல்ல. சோப்பு கடின நீரோடு சேர்ந்தால் வெள்ளைப் பிசுக்கு உண்டாகும். அது முடியில் படிந்து பிசுபிசுப்பும் சிக்கும் தரும், சீவும்போது முடி ஒடியும். ஒடிந்த முடிக்கும் வேரோடு விழுந்த முடிக்கும் வேறுபாடு காண்பது எளிது. விழுந்த முடியின் ஒரு நுனியில் வெள்ளைப் புள்ளி போல ஒரு குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக வந்தால் அது ஒடிந்தது.

வேரோடு கொட்டுவதற்குத் தண்ணீரைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. காய்ச்சல், திடீர் எடைக் குறைவு, பிரசவம், கடும் மன அழுத்தம் எது வந்தாலும், முடிகளில் ஒரு பங்கு ஓய்வு நிலைக்குப் போய் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிரும். வீட்டை விட்டு வந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். முதல் மாதம் சாப்பாடு இறங்காது, தூக்கம் தலைகீழாகும், ஒரு காய்ச்சலாவது வந்து போகும். மூன்றாவது மாதம் சீப்பில் கொத்தாக முடி வரும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும். கண்ணெதிரே இருப்பது ஓசூர்த் தண்ணீர்தான். பழி அதற்குப் போகிறது என்பது என் கணிப்பு. இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். அதற்குள் வாங்கிப் பூசிய எண்ணெய் எதுவோ, அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

நீருக்காகச் செய்ய வேண்டியது சிறிது. தலைக்குக் குளியல் சோப்பு போடக் கூடாது. கடைசி மக் தண்ணீர் மட்டும் குடிநீர்க் குழாயிலிருந்தோ பிடித்துவைத்த மழைநீரிலிருந்தோ இருந்தால் நல்லது. குழாயில் மாட்டும் வடிகட்டிக் குமிழ்கள் பெரும்பாலும் மண்ணையும் குளோரினையும் பிடிப்பவை. கடினத்தன்மையை எடுக்க அயனி மாற்றி வேண்டும். அது விடுதி உரிமையாளர் செய்ய வேண்டிய செலவு.

4. கழுவுதல்

4.1 சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை

மூன்றிலும் நுரை தருவது சபோனின். அது சோப்பைப் போலச் சுண்ணாம்போடு சேர்ந்து பிசுக்காவதில்லை. கடின நீர்ப் பகுதியில் இவை நிலைத்ததற்கு இது ஒரு நல்ல காரணம். அரப்பு உசிலை மரத்து இலைப்பொடி. அதன் வழுவழுப்பு சீயக்காயின் வறட்சியை ஈடுசெய்யும். சோறு வடிக்கும் வீடுகளில் சீயக்காயை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பார்கள். கஞ்சியின் மாவு முடிமேல் மெல்லிய படலமாகி வழுக்கும். செலவே இல்லாத கண்டிஷனர் அது. ஆனால் விடுதியில் கஞ்சி யார் வடிக்கிறார்கள்?

அறையில் பொடிக்கு இரண்டு சிக்கல். பொடி முடியிலிருந்து போக நிறைய தண்ணீர் வேண்டும். அலசிய கப்பி போக்கில் அடைத்தால் விடுதிக்காரம்மாவின் சண்டை வேறு. இதற்கு நல்ல மாற்று, அடுப்பே வேண்டாத ஊறல். கொட்டை நீக்கிய பூந்திக்காய் ஏழெட்டை ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி இரவு ஊறவைத்து, காலையில் குலுக்கி, பழைய பருத்தித் துணியில் வடிகட்டினால் ஒரு தலைக்குப் போதும். கப்பி மிஞ்சாது, ஒன்றரை வாளியில் குளியல் முடியும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதால் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்ற வேண்டும். இரண்டாம் நாளுக்கு மேல் வைத்தால் புளித்து நாறும்.

4.2 பாக்கெட் ஷாம்பு

இதை இழிவாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஷாம்புவை ஏழைக்கு எட்டச் செய்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. கடலூர் சின்னிகிருஷ்ணன் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் கண்டார். வெல்வெட் அந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியே தொடங்கி, தந்தை பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு சிக் ஷாம்புவை விற்றார். 1990களின் இறுதியில் 50 காசுக்கே சிக் பாக்கெட் கிடைத்தது. அதுவரை தலைக்கும் உடம்புக்கும் ஒரே சோப்பு என்றிருந்த கிராமத்துப் பெண்களுக்கு அது உண்மையான விடுதலை.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற பொது விதி ஷாம்புவில் பலமுறை பொய்க்கும். பாக்கெட்டின் மில்லிலிட்டரையும் பாட்டிலின் மில்லிலிட்டரையும் கடையிலேயே வகுத்துப் பார்த்தால் பாக்கெட் ஜெயிப்பதைக் காணலாம். நீளமான முடிக்கு 2 ரூபாய்ப் பாக்கெட் இரண்டு, வாரம் மூன்று முறை என்றால் மாதம் 50 ரூபாய்க்குச் சற்று மேல். பாக்கெட்டைக் கிழித்து நேரே தலையில் கொட்டாமல், கால் மக் தண்ணீரில் அடித்துக் கலக்கி உச்சந்தலையில் மட்டும் ஊற்றித் தேய்த்தால் ஒன்றே போதும். நுனிக்கு, வழிந்தோடும் நுரையே போதுமானது. கிழித்த பாக்கெட்டுகள் மறுசுழற்சிக்குப் போகாமல் சாக்கடைக்குப் போகின்றன என்பது இதன் மறுபக்கம். அந்தக் குற்றத்தைச் சம்பளக்காரப் பெண்ணின் தலையில் சுமத்தக் கூடாது. அடைத்து விற்பவர்கள் ஏற்க வேண்டியது அது.

ஆலைத் தொப்பிக்குள் எட்டு மணி நேரம் வியர்ப்பவர் தினமும் தலைக்குக் குளித்தால் முடி கொட்டும் என்பது வெறும் பயம். அழுக்கும் வியர்வையும் தங்கினால் பொடுகு கூடும்.

5. எண்ணெய்

தேங்காய் எண்ணெய்க்கு ஆய்வுச் சான்று உண்டு. 2003இல் ரெலேயும் மொஹிலேயும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழிவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு, முடித்தண்டுக்குள் புகும். ஆய்வாளர்கள் பாராசூட் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஆனாலும் காரணம் வேதியியல் நோக்கில் பொருந்தி வருகிறது.

அந்த ஆய்வு காட்டும் பயன் முடித்தண்டுக்கு உரியது. எண்ணெய் முடியை வளர்க்கும் என்று அது சொல்லவில்லை. ஆகவே தேய்க்க வேண்டிய இடம் உச்சந்தலையைவிட நுனிப்பாதி. தேய்க்க வேண்டிய நேரம் குளிப்பதற்கு முன். ஒரு தேக்கரண்டி எண்ணெயை உள்ளங்கையில் பரப்பி, காதுக்குக் கீழே உள்ள முடியில் மட்டும் வழித்துவிட்டு அரை மணி கழித்து அலசினால், சீவும்போது ஒடிவது குறைவதை இரண்டு வாரத்தில் பார்க்கலாம். 2025இல் தேங்காய் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியபோது, தலை நிறைய எண்ணெய் வைக்கும் பழக்கம் பலருக்குக் கட்டுப்படியாகாமல் போனது. மேற்சொன்ன முறையில் 100 மில்லி பாட்டில் ஒன்றரை மாதம் வரும்.

பொடுகுள்ளவர் இரவு முழுக்க எண்ணெயோடு படுக்கக் கூடாது. பொடுகுக்குப் பின்னிருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் கொழுப்பமிலங்களைத் தின்றே வாழ்கிறது. எண்ணெய் அதற்கு விருந்து. கீட்டோகோனசோல் ஷாம்பு வாரம் இருமுறை, ஐந்து நிமிடம் ஊறவிட்டு ஒரு மாதம் போடுவது எந்த மூலிகைத் தைலத்தையும்விட முடிவில் மலிவு.

ஓசூரில் ஒரு தனித் தொல்லை உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உறையும். மார்கழி, தை விடியற்காலையில் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்புபவர் பாட்டிலைக் கவிழ்த்துக் குலுக்கினாலும் சொட்டு வராது. அகலவாய் டப்பாவில் மாற்றிவைத்தால் விரலால் வழித்து உள்ளங்கைச் சூட்டிலேயே உருக்கிக்கொள்ளலாம்.

கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சும் எண்ணெய் வாசனைக்கும் நினைவுக்கும் அருமையானது. ஊரிலிருந்து அம்மா அனுப்பினால் வாங்கித் தேய்க்கலாம். அதற்காக அறையில் இண்டக்ஷன் அடுப்பை ஒளித்துவைத்துக் காய்ச்சுவது, தீ விபத்தை விலை கொடுத்து வாங்குவது.

6. முடி அமைப்பு

6.1 தொப்பிக்குக் கீழே

மின்னணு ஆலைகளின் தூய அறைகளில் முகப் பவுடர் கூடாது, பூ கூடாது, உதிரும் எதுவும் கூடாது. முடி வலைக்குள், வலை தொப்பிக்குள். இயந்திரப் பிரிவுகளில் தொங்கும் சடை உயிருக்கே ஆபத்து. ஆகவே இங்கே முடி அலங்காரம் என்பதில் முதல் கேள்வி, எட்டு மணி நேரம் கட்டியிருந்தும் முடியைக் கெடுக்காத கட்டு எது என்பதே.

உச்சியில் இழுத்துப் போடும் இறுக்கமான கொண்டை நெற்றி ஓரத்து முடியை மெல்ல மெல்லப் பறித்துவிடும். நெற்றி மேலேறுவது கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். பிடரியில் தாழ்வாகத் தளர்ந்த ஒரு சடை, அதைச் சுருட்டி இரண்டு யு ஊசி போட்ட கொண்டை, அதன் மேல் வலை, இதுவே சிறந்தது. ஒருநாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம், பிறகு நடுவில் என்று முடிச்சின் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெறும் ரப்பர் பேண்டுக்குப் பதில், பழைய சுடிதார்த் துணிக்குள் எலாஸ்டிக் கோத்துத் தைத்துக்கொண்டால் செலவே இல்லாத ஸ்கிரஞ்சி. வகிட்டையும் அடிக்கடி மாற்றலாம்.

ஈரத்தலையோடு கட்டி வலை போடுவது இப்பகுதியின் மிகப் பரவலான தவறு. நனைந்த முடி இழுத்தால் நீண்டு அறும். மூடிவைத்த ஈரம் நாற்றத்தையும் அரிப்பையும் தரும். நேரமில்லாதவர் வேலை முடிந்து வந்து குளிப்பதே நல்லது. டர்க்கி டவலால் அடித்து உதறாமல், பழைய பருத்திப் பனியனால் சுற்றி இருபது நிமிடம் விட்டால் பாதி ஈரம் போய்விடும்.

6.2 விடுமுறை நாளின் அலங்காரம்

ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கோ ஊருக்கோ போகும் பெண்ணுக்கு முடி அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை முழுக்க நியாயமானது. ஆறு நாள் தொப்பிக்குள் கிடந்த முடி அது. ஸ்ட்ரெய்ட்னர் 200 டிகிரிவரை சூடாகும். ஈரமுள்ள முடியில் வைத்தால் உள்ளே நீர் கொதித்து முடித்தண்டு வெடிக்கும். சூடே வேண்டாம் என்பவர் சனி இரவு முக்கால் பங்கு காய்ந்த முடியை நான்கு சடையாகப் பின்னிப் படுத்தால் காலையில் அலை அலையாக வரும். அலை நிற்க வேண்டுமென்றால் ஆளிவிதைக் கூழ் போதும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி ஒரு தேக்கரண்டி விதையைப் போட்டு வைத்தால் சில மணியில் கொழகொழப்பு இறங்கும். வடிகட்டி விரல்நுனியில் தொட்டுத் தடவலாம். கடை ஜெல்லைப் போல வெள்ளைத் தூள் உதிராது. தலையணை உறை மேல் கிழிந்த பட்டுப் புடவைத் துண்டு ஒன்றை விரித்துக்கொண்டால் காலையில் சிக்கு குறையும்.

6.3 பேன்

அழகுக் குறிப்பு எழுதுபவர்கள் இதைத் தொடுவதே இல்லை. ஆறு பேர் அறையில் ஒருத்திக்கு வந்தால் ஆறு பேருக்கும் வரும். அவமானம் ஒருத்திக்கு மட்டும் வரும். தூர மாநிலத்திலிருந்து வந்தவள் மேல் பழி போடுவதும் நடக்கிறது. தலையோடு தலை உரசும் நெருக்கம் இருந்தால் பேனுக்குப் போதும். அழுக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் 1 சதவீத பெர்மெத்ரின் கழுவலை அறையில் எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும். ஒன்பது பத்து நாள் கழித்து, ஈர் பொரிந்த பிறகு, மறுபடி போட வேண்டும். இடையில் ஈரத்தலையில் பேன் சீப்பு. தனித்தனிச் சீப்பு என்ற ஒரே ஒழுங்கு இதில் பாதிச் செலவை மிச்சமாக்கும்.

7. சருமம்

சமையலறைப் பொருள்களை முகத்தில் பூசுவதற்கு முன் அமில காரத்தைப் பார்க்க வேண்டும். நம் தோல் இலேசான அமிலத்தன்மை உடையது. பிஎச் 5ஐ ஒட்டியது. எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டியது. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் சூரிய ஒளியோடு சேர்ந்து கொப்புளமும் கருமையும் வரும். சமையல் சோடா எதிர்த்திசையில் கெடுக்கும். பருவுக்குப் பற்பசை வைப்பது தோலைப் புண்ணாக்கும். இம்மூன்றையும் அடியோடு விட்டுவிடலாம்.

பாசிப்பயறு மாவு நல்லது, உலர்வாக வாங்கிவைக்கலாம், அறைக்குப் பொருந்தும். கஸ்தூரி மஞ்சள் அளவோடு நல்லது. ஆனால் அந்தப் பெயரில் வேறு கிழங்கின் தூளும் கடைகளில் விற்கிறது. அளவுக்கு மீறிப் பளிச்சென்ற மஞ்சள் தூளைச் சந்தேகிக்க வேண்டும். மீதமான தயிர் ஒரு கரண்டி வறண்ட கைக்கும் முழங்கைக்கும் இதமானது. பனிக்காலத்தில் வெடிக்கும் உதட்டுக்கும் குதிகாலுக்கும் குளித்த ஈரத்திலேயே தடவும் பெட்ரோலியம் ஜெல்லியை வெல்ல எந்த விலையுயர்ந்த கிரீமாலும் முடியாது.

இந்த ஊருக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. ஓசூரைச் சுற்றிப் பசுமைக்குடில்களில் விளையும் தாஜ்மகால் ரோஜா காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிறது. ஒதுக்கிய பூக்கள் உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும். இதழை அரைத்து முகத்தில் பூசலாம் என்று தோன்றும். அது வேண்டாம். கொய்மலர் வாயில் வைப்பதற்கோ தோலில் தேய்ப்பதற்கோ வளர்க்கப்படுவதில்லை. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அடித்த மருந்து இதழில் இருக்கும். பன்னீர் ரோஜாவும் இதுவும் வேறு வேறு.

வெயிலுக்குத் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு வண்டியோட்டும் பழக்கம், தினமும் சன்ஸ்கிரீன் வாங்க முடியாதவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த காப்பு.

8. உடம்பைக் கேட்கும் மலிவுகள்

இந்தப் பகுதியை விரிவாக எழுதக் காரணம், இங்கே இழப்பு உடம்புக்கு என்பதே.

மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகப் பிரிவில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சவ்வுச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 என்ற அரிய வகை. அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீமில் பாதரசம் இருந்தது. பாதரசம் தோலின் நிறமியை நிறுத்தும், அதனால் முகம் சில வாரத்தில் வெளுக்கும். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகள் கண் பகுதிக்கு அல்லாத பொருள்களில் தற்செயலாகக் கலக்கும் பாதரசத்துக்கே பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் வரம்பு வைத்துள்ளன. ஆகவே டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண் மூன்றும் இல்லையென்றால் அதைத் தொடவே கூடாது. பஸ் நிலையத்துக் கடையில் விற்றாலும், அறைத்தோழி பூசிப் பளிச்சென்று இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

ஸ்டீராய்டு களிம்பும் இவ்வகைதான். பூசினால் வெளுக்கும், நிறுத்தினால் பருவும் சிவப்பும் முடியும் முளைக்கும். 2018இல் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கத் தடை போட்டது. இன்னும் சில கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். மாநிறமும் கருப்பும் இந்த மண்ணின் நிறம். அதை நோயாக்கி விற்கும் வணிகத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

அடுத்தது "கருப்பு மருதாணி". மருதாணியின் லாசோன் செம்பழுப்பு மட்டுமே தரும். அரை மணியில் கருப்பாக்கும் எந்தத் தூளிலும் பெரும்பாலும் பிபிடி என்ற சாயம் இருக்கும். அது சிலருக்கு முகமே வீங்கும் அளவு ஒவ்வாமை தரும். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்காமல் தலையில் போடக் கூடாது. முழுக்கத் தாவரக் கருப்பு வேண்டுமென்றால் மருதாணிக்குப் பிறகு அவுரி போட வேண்டும். ஒரு முழு விடுமுறை நாளை அது எடுத்துக்கொள்ளும்.

முடியை நேராக்கும் சிகிச்சைகள் இப்போது இரண்டாம் நிலை ஊர்களிலும் தள்ளுபடி விலையில் வந்துவிட்டன. ஃபார்மால்டிஹைடு இல்லை என்று சொல்லிக் கிளையாக்சிலிக் அமிலம் கலந்ததைப் போடுகிறார்கள். துனிசியாவில் 26 வயதுப் பெண் ஒருவருக்கு இவ்வகைச் சிகிச்சை செய்துகொண்ட மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. இது அரிது என்பது உண்மை. ஆனால் மாதச் சம்பளத்தில் பெரும் பங்கைக் கொடுத்து, நான்கு மாதத்தில் வளர்ந்து மறையும் ஒன்றுக்காக அந்த அபாயத்தை ஏற்கத் தேவையில்லை.

வெங்காயச் சாறு பற்றி ஒரு வார்த்தை. புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பது நம் பாட்டி வைத்தியம். 2002இல் பாக்தாதில் நடந்த சிறு ஆய்வு ஒன்றும் புழுவெட்டில் அதற்குப் பயன் கண்டது. அதை எல்லா முடி உதிர்வுக்கும் நீட்டித்து எண்ணெயாக விற்பது வணிகம்.

9. சலூனும் பார்லரும்

அறையில் செய்ய முடியாதவை சில: நல்ல வெட்டு, த்ரெட்டிங், ஆண்களுக்கு ஃபேட் வெட்டு. இவற்றுக்குக் காசு கொடுப்பது சரியான செலவு. மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முடி வளரும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனி வெட்டினால் போதும். அடுக்கடுக்கான வெட்டு தொப்பியிலிருந்து பிய்ந்து வெளியே நீட்டும். ஒரே நீளத்தில் வெட்டச் சொல்வதே ஆலைப் பெண்ணுக்கு வசதி. ஆண்கள் சலூனில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: புது பிளேடு, கண்ணெதிரே பிரித்தது.

2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, தலை எண்ணெய், சோப்புக் கட்டி ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அழகு நிலையச் சேவைக்கும் 5 சதவீதமே. ஆனால் அந்த நிலையம் உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்க முடியாது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குக் கீழுள்ள தெருமுனைப் பார்லர் ஜிஎஸ்டி வரம்பிலேயே வராது. அங்கே பில்லில் வரி போட்டால் கேள்வி கேட்கலாம்.

10. தட்டில் இருப்பது

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரும்புச் சத்து குறைந்தவருக்கு முடி மெலிவதும் உதிர்வதும் நேரும். இதற்கு வெளியே பூசும் மருந்தில்லை. கிருஷ்ணகிரி ராகி விளையும் மண். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, ஓரளவு இரும்பும் உண்டு. ராகிக் களியோடு முருங்கைக்கீரை, கடலை, முட்டை என்று வாரத்தில் பலநாள் தட்டில் வந்தால் அதுவே தலைக்கான செலவு. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். நைட் ஷிப்டில் டீயே உணவாகிவிடும் பெண்களிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குபவர் ஈஎஸ்ஐக்கு உரியவர், சம்பளத்தில் 0.75 சதவீதம் அவரிடமிருந்து ஏற்கெனவே பிடிக்கப்படுகிறது. ஓசூரில் ஈஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. முடி மூன்று மாதத்துக்கு மேல் கொட்டினால் அங்கே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துக்கொள்ளலாம். ஆயிரம் ரூபாய் எண்ணெய்க்கு முன் அந்தச் சோதனை.

11. விடுதி கட்டுவோருக்கு

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஓசூர்ப் பக்கமும் இப்படிப்பட்ட பெரிய விடுதிகள் தேவை. அவற்றின் வரைபடத்தில் தலைமுடிக்கும் இடம் இருக்க வேண்டும் என்று கேட்பது மிகையன்று. தளத்துக்கு ஒரு மென்னீர்க் குழாய், நிழலும் காற்றும் உள்ள முடி உலர்த்தும் வராந்தா, கப்பி வடிகட்டி பொருத்திய போக்கு, பொதுவில் ஒரு மிக்ஸி, ஒரு வெந்நீர்க் கொதிகலன், பூட்டிக்கொள்ளும்படி ஒரு குளியலறை கூடுதலாக. இவற்றில் மிக்ஸிக்கும் வடிகட்டிக்கும் ஆகும் செலவை மாத வாடகையில் ஒருவருக்குச் சில ரூபாய் சேர்த்தாலே ஓர் ஆண்டுக்குள் எடுத்துவிடலாம்.